முறை வைத்துப் பார்த்த பாலைவனம்

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறவரை பயப்பட ஒன்றுமில்லை என்று வசந்தாமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்ததும், பயமில்லாதவள் எதற்கு இதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பின்னாலேயே வந்து நின்றது. காலுக்கடியில், வண்டியின் வயிற்றுக்குள் எங்கோ, அது உறுமிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து ஏசிக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு நேர் கீழே நாய் கருப்பன் நாலு காலையும் பரப்பிக் கிடந்தான், அவன் வயிற்றில் முதுகை ஒட்டிக்கொண்டு சிட்டு. கண்ணாடிக்கு வெளியே யூட்டாவின் பாலைவனம் வெந்துகொண்டிருந்தது. செம்மண் என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்த ஊர் கோபியில் அவள் பார்த்த செம்மண்ணில் ஈரம் இருக்கும், வேர் இருக்கும், இது சூளையில் சுட்டெடுத்த ஓட்டின் நிறம். அந்த நிறத்துக்குள்தான் அவள் கணவர் சென்னியப்பன் நடந்து போயிருந்தார். நீலத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். தயிர்சாதம் பிசைந்து வை, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிசைந்து, கடுகு தாளித்துக் கொட்டி, மூடி வைத்தாயிற்று. இப்போது மூடியைத் திறந்தால் புளிப்பு மணம் வரும் என்று தெரிந்து அவள் திறக்கவில்லை. சின்ன நடைதான், குழந்தைகள்கூடப் போய் வருகிற பாதை என்று பலகையில் எழுதியிருந்ததே. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஜோடி, அவருக்கு ரொம்ப நேரம் பின்னால் கிளம்பியவர்கள், அதோ திரும்பி வந்துவிட்டார்கள், கார்க் கதவைத் திறந்து வைத்துக் காற்றாட நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுக்கையும் அடுப்பும் கக்கூசுமாக ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றியிருந்த இந்த வாடகை வண்டியில் ஆஸ்டினிலிருந்து கிளம்பும்போது அவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. தேசியப் பூங்காக்களில் நடைபாதைகளுக்குள் நாய்களை விடமாட்டார்கள். வண்டி நிற்கிற இடத்தில் இருக்கலாம், தார் ரோட்டில் நடக்கலாம், அதற்கு மேல் கூடாது. பூட்டிய வண்டிக்குள் தனியாகவும் விட்டுவிட்டுப் போக முடியாது, வெயிலில் அடுப்பாகிவிடும். ஆகவே முறை. முதலில் அவர் போவார், இவள் நாய்களோடு இருப்பாள். அவர் வந்ததும் இவள் போவாள். இத்தனை நாளில் இத்தனை மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் பார்த்தாயிற்று, ஒன்றைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து நின்று பார்க்கவில்லை. முதலில் அது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் வந்து சொல்வார், இவள் கேட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பாள், திரும்பி வந்து தன் பங்குக்குச் சொல்வாள். கல்யாணமான புதிதில் கோபி வீட்டில், எல்லாரும் தூங்கியபிறகு ரகசியமாகப் பேசிக்கொண்டதற்கு அப்புறம் இவ்வளவு பேசியதே இல்லை. ஆனால் முந்தாநாள் ஒன்று நடந்தது. அவர் திரும்பி வந்து, கீழே ஆறு பச்சையாக ஓடுகிறது, அதன் மேல் பாறை வளைந்து பாலம் மாதிரி நிற்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார். இவள் போனாள். பாலம் இருந்தது. ஆறு இல்லை. வெள்ளை மணல்தான் கிடந்தது, வருசக் கணக்காக அப்படித்தான் கிடக்கும் போல. பக்கத்தில் நின்ற பலகையில் பழைய போட்டோ ஒன்று ஒட்டியிருந்தது. அந்தப் போட்டோவில் ஆறு பச்சையாக ஓடியது. திரும்பி வந்து அவரிடம் அவள் என்ன சொன்னாள்? ஆமாங்க, நல்லாத்தான் இருக்குது என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்றைக்கு அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேள்வி வாய்வரைக்கும் வந்து, பல்லில் சிக்கிய கீரை நார் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது அதை எடுத்துவிடலாம். யாரும் இல்லை. எடுத்தால் அதோடு இன்னொன்று வரும், அதுதான் தொல்லை. வண்டி எடுத்த அன்றே வலப்பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் இடித்துத் திரும்பிக்கொண்டது. பழக்கமில்லாத அகலமான வண்டி, யாருக்கும் நடக்கும். சிட்டுவின் முன்னங்காலை மிதித்தது. சின்ன நாய், காலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றியது; வண்டி சரிவில் நின்றிருந்தது. பொழுது சாய்ந்தால் வெளியே வருவதில்லை, நட்சத்திரம் இங்கே மாதிரி எங்கேயும் தெரியாதாம் வாங்க என்று கூப்பிட்டால், ஓட்டின களைப்பு நீ பாத்துட்டு வா என்கிறார். அறுபதைத் தாண்டியவர், களைப்பு இருக்காதா. நேற்று ரோட்டோரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தபோது அதோ என்று காட்டினாள், தாண்டிப் போனபிறகுதான் எங்கே என்றார், சரி அடுத்ததில் போட்டுக்கலாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் அவள் வேலையே அதுதான், ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. இருபது வருசமாக ஒரு குழாய்கூட மாறியதில்லை. அந்த மலையோர ரோட்டை மட்டும் எந்த டப்பாவிலும் போட முடியவில்லை. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. தடுப்புச் சுவர்கூட இல்லை. வண்டியின் சக்கரம் ஓரம் போகிறவனை எச்சரிக்க ரோட்டின் விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் மேல் ஏறித் தடதடவென்று அதிர்ந்தது. ஏனுங்க என்று அவள் கத்தினாள். காத்து தள்ளுது, பெரிய வண்டி பாரு என்றார். அவள் வெளியே பார்த்தாள். புழுதிகூடப் பறக்கவில்லை. ஒரு புல் அசையவில்லை.

சிட்டு தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது. வசந்தாமணியும் பார்த்தாள். யாரும் இல்லை. சிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தாள், குளிர்ந்த தண்ணீர் எடுக்கத்தான் திறந்தாள், கை ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் போயிற்று. அங்கே அந்தச் சின்ன சொட்டு மருந்து இருந்தது. கண் வறட்சிக்கு என்று அவர் சொல்லியிருந்தார். ஏசியிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்த கண்ணுக்கு வறட்சி வராதா என்று அவளும் விட்டுவிட்டாள். மூடியின் நிறத்தை இத்தனை நாள் பார்த்திருக்கிறாள், ராத்திரி படுக்கும்முன் ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு அவர் விடுவதைப் பார்த்திருக்கிறாள், பெயரை மட்டும் படிக்கவில்லை. இப்போது படித்தாள். வறட்சிக்கான மருந்து இல்லை அது. கண்ணுக்குள் ஏறுகிற அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். படித்ததும் அவளுக்கு எதிரே மாமியார் வந்து நின்றாள், கோபி வீட்டுக் கூடத்தில், ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்துகொண்டு. வயசாயிருச்சு, கண்ணு மங்கிருச்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எதிரே நின்றால் முகத்தைப் பார்த்து, என்ன சாமி சாப்பிட்டயா என்று சரியாகக் கேட்பாள். பக்கத்தில் நின்றால் ஆள் நிற்பதே தெரியாது. சாப்பாட்டுத் தட்டில் நடுவில் இருக்கிற சோறு தீர்ந்துவிடும், ஓரத்தில் வைத்த பொரியல் அப்படியே இருக்கும். பொரியல் பிடிக்காது போல என்று புதுமருமகள் வசந்தாமணி நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த நினைப்பு வந்தது. வரக் கூடாது என்று அவள் மருந்தை உள்ளே வைத்து, ஃபிரிட்ஜை மூடி, கருப்பனின் தட்டில் தண்ணீர் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, இன்னும் ஏதாவது துடைக்க இருக்கிறதா என்று தேடினாள், அது வந்துவிட்டது. கொஞ்ச நாளாக அவர் அவளைப் பார்க்கிற விதம். மகள் வேலைக்கு வேறு ஊர் போய், அவள் வளர்த்த நாய்கள் இரண்டும் இவர்களிடமே தங்கிவிட்டபிறகு, வீட்டில் இரண்டே பேர் என்று ஆனபிறகு, அவள் ஏதாவது பேசினால் சென்னியப்பன் பேப்பரை வைத்துவிட்டு, தலையை முழுசாகத் திருப்பி, நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்ப்பார். அதற்கு முன்னால் அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. கடைக்கண்ணால் ஒரு பார்வை, ம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் முப்பது வருசம். இப்போது பேசினால் திரும்பிப் பார்க்கிறார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. வேலையில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது நினைத்துக்கொள்வாள், கழுத்தில் லேசாக வெப்பம் ஏறும். இந்த வயசில் அவருக்கு நாம் கண்ணில் பட ஆரம்பித்திருக்கிறோம் என்று. அவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை என்பதால் திரும்பியிருக்கிறார். வேறொன்றுமில்லை. அவள் கையில் துணியோடு நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது கோபம். அந்தத் தடுப்பில்லாத ரோட்டில், என்னையும் இந்த வாயில்லாத ஜீவன்களையும் வைத்துக்கொண்டு, குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ரோடுகளுக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வளைவில் எவ்வளவு தூரத்துக்கு ஓட்டுகிறவனுக்குக் கண் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டே சம்பளம் வாங்கியவர்.

கதவைத் திறந்து இறங்கினாள். வெயில் நெற்றியில் கை வைத்துத் தள்ளியது. சிவப்புத் தொப்பிக்காரர்கள் கிளம்பப் போனார்கள். ஓடாத குறையாக நடந்து போய் அவர்களிடம் கேட்டாள், நீலத் தொப்பி போட்ட ஒரு இந்தியரைப் பார்த்தீர்களா என்று. பார்த்தோமே என்றாள் அந்தப் பெண், ரொம்ப மரியாதையான மனுசர், ஒதுங்கி நின்று எங்களை முன்னால் போகச் சொன்னார், கொஞ்ச தூரம் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார், அப்புறம் காணோம், முன்னாலேயே திரும்பிவிட்டார் என்று நினைத்தோம் என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் கேட்டாள். சரியாக இருக்கிறது, நன்றி என்று வசந்தாமணியின் வாய் சொன்னது. இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்து பழகிய வாய். அவர்கள் கார் புழுதி கிளப்பிப் போனபிறகுதான், ஒதுங்கி நின்றதன் அர்த்தம் உறைத்தது. மரியாதைக்காக ஒதுங்கவில்லை. அவர்களைப் பின்பற்றி நடக்கத்தான் முன்னால் விட்டிருக்கிறார். அவர்கள் வேகமாக நடந்துவிட்டார்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில் இப்போது பூட்டிய கார் ஒன்று தவிர எதுவும் இல்லை. போனில் சிக்னலும் இல்லை, காலையிலிருந்தே இல்லை. திரும்பி வண்டிக்குள் ஏறும்போது காலுக்கடியில் ஏதோ இருமியது. ஒரு உதறல், இன்னொரு உதறல். நின்றுவிட்டது. ஏசிக் காற்று மெல்ல மூச்சு விட்டு அடங்கியது. இவ்வளவு நேரம் அந்த உறுமலுக்கு அடியில் இருந்த அமைதி முழுசாக வெளியே வந்தது.

சுவிட்சை அழுத்தினாள். உறுமியது, இருமியது, நின்றது. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும், வண்டி ஓட மிச்சம் வைப்பதற்காக என்று வாடகைக்குக் கொடுத்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. அந்த மிச்சத்தில் இன்ஜினைப் போட்டால் முன்பக்க ஏசி ஓடும். சாவி? சாவி மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தாள், கொக்கி வெறுமையாக இருந்தது. அவர் பேண்ட் பாக்கெட்டில்தான் இருக்கும், எப்போதும் அங்கேதான் போட்டுக்கொள்வார், ஆஸ்டினில் கிளம்பியதிலிருந்து அவள் கையில் அது வந்ததே இல்லை. ஜன்னல்களைத் திறந்தாள். திறந்ததில் உள்ளே வந்தது காற்று இல்லை. கருப்பன் வயசான நாய், கறுப்பு நாய், அவன் நாக்கு ஏற்கெனவே தரையைத் தொட்டுவிட்டது, மூச்சு ரம்பம் இழுப்பதுபோல் வந்தது. அவனை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அவன் இருக்கமாட்டான். போகாமல் இருந்தால் அவர். இரண்டையும் தராசில் வைக்கிற மாதிரி மனசு வைத்துப் பார்த்தது, உடனே கூசிப்போய் எடுத்துவிட்டது, மறுபடி வைத்தது. நிழலில் கட்டிவிட்டுப் போகலாமா? வண்டியின் நிழல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு முழம்கூட இல்லாமல் கிடந்தது. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. யாராவது வருவார்கள் என்று காத்திருக்கலாமா? யார்? அவர் இந்நேரம் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார். தனக்குக் கண் தெரியாததை ஒப்புக்கொள்ளாத மனுசன் தண்ணீர் தீர்ந்ததை ஒப்புக்கொண்டு உட்காருவாரா, நடந்துகொண்டேதான் இருப்பார், அந்தப் பாறைகளின் மேல், எங்கே பாறை முடிகிறது என்று தெரியாமல். பலகையில் நாயின் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் பழகிய பயம், யூனிஃபார்மைக் கண்டால், சிவப்புக் கோட்டைக் கண்டால், அடுத்தவர் நாட்டில் இருக்கிறோம் பார்த்து நட என்கிற பயம், குடியுரிமை வாங்கியும் போகவில்லை. அவள் அவருடைய துணிப் பையை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். சாக்ஸ்களைப் பொறுக்கினாள்.

நாயின் பாதம் இந்த மணலில் வெந்துவிடும். கருப்பனின் ஒவ்வொரு காலிலும் ஒரு சாக்ஸை மாட்டித் தன் தலைமுடி ரப்பரால் கட்டினாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை, காலைக் கொடுத்துக்கொண்டே கதவைப் பார்த்தான். சிட்டு தனக்கு மாட்டிய வேகத்தில் ஒன்றைக் கடித்துக் கழற்றியது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டில்கள் எல்லாவற்றையும் பையில் போட்டாள். பலகையைத் தாண்டும்போது கால் ஒரு கணம் தயங்கியது, அந்தத் தயக்கத்தின் மேல் அவளுக்கே ஆத்திரம் வந்து வேகமாகத் தாண்டினாள். முதலில் மணல், பிறகு முள்செடிகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம், பிறகு தடமே இல்லை. வெறும் பாறை. யானை முதுகு மாதிரி பாறைக்குப் பின் பாறை, அதன் மேல் வழி காட்ட அங்கங்கே மூன்று நான்கு சின்னக் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பாறையின் நிறத்திலேயே கல். நல்ல கண் இருக்கிற அவளுக்கே ஒன்றைக் கண்டுபிடித்து அடுத்ததைக் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. ஏனுங்க என்று கூப்பிட்டாள். அந்த வெளியில் அது பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, பத்தடி போகவில்லை. ஏனுங்க, ஏனுங்க. யாரை என்று பாறைக்குத் தெரியவேண்டுமே. கருப்பன் நின்றான். அவன் வாயில் தண்ணீர் ஊற்றினாள், தலையில் ஊற்றினாள், அவள் கண்ணுக்குள் வியர்வை இறங்கி எரிந்தது, கண் எரிந்தபோது ஒரு நிமிசம் எல்லாம் வெள்ளையாகிப் போயிற்று, இப்படித்தானா, இப்படித்தான் இருக்குமா அவருக்கு. லேபில் ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களை வாசலில் நின்று கூப்பிடுவாளே, அந்தக் குரலை எடுத்து, நெஞ்சு நோக, சென்னியப்பன் என்று கத்தினாள். பாறைகள் அதை வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டன. கருப்பனின் காது நிமிர்ந்தது. அப்புறம்தான் அவளுக்குக் கேட்டது. கூப்பிட்ட திசையில் இல்லை, வலப்பக்கம், கொஞ்சம் கீழே.

பாறைச் சரிவின் மேல் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் ஊன்றிக்கொண்டு. தொப்பி இல்லை. அவருக்கு இடப்பக்கம், ஒரு கட்டில் அகலம் தள்ளி, பாறை முடிந்தது. அதற்கப்புறம் ஆழத்தில் நிழல் மட்டும் இருந்தது. அவள் வருகிற சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார், பார்வை அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி, அவள் முகத்தில் வந்து நின்றது.

"அம்முணி, அப்படியே நில்லு. பள்ளம் எந்தப் பக்கம் இருக்குது?"

"உங்க இடது கைப் பக்கம். எந்திரிக்காதீங்க. உக்காந்தபடிக்கே வலதுபக்கம் நகந்து வாங்க."

அவர் நகர்ந்தார். ஒரு கையை எடுத்து வைத்து, உடம்பை இழுத்து, மறு கையை எடுத்து வைத்து. அவள் மூச்சை அவர் கைக்குள் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. போதும் என்று அவள் சொன்னபோது கருப்பன் சாக்ஸ் கால்களைத் தேய்த்துக்கொண்டு போய் அவர் தொடையில் தலையை வைத்தான். அவர் அவன் காலைத் தடவி, சாக்ஸைத் தடவி, இது என்னோடதா என்றார். நாய்களை உள்ளே விடமாட்டார்களே என்றார். அவள் பாட்டிலை அவர் கையில் திணித்தாள், நேராக நீட்டினால்தான் தெரியும் என்று இப்போது தெரிந்து நேராக நீட்டினாள். அவர் குடித்தார். குடித்துவிட்டு, அவள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். முன்னால் போனவர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தாராம், பாறைக்கு வந்ததும் தொப்பி மறைந்துவிட்டதாம், இரண்டு கல் அடுக்கைத் தாண்டினாராம், மூன்றாவது தெரியவில்லையாம். ஏதோ ஒரு பக்கம் பள்ளம் இருக்கிறது என்று கீழிருந்து வந்த காற்றில் தெரிந்ததாம், எந்தப் பக்கம் என்று தெரியாததால் உட்கார்ந்துவிட்டாராம். ரெண்டு வருசமாச்சு என்றார். நேராப் பாத்தா தெரியுது, சுத்தி எல்லாம் போயிருச்சு, அம்மாவுக்கு வந்ததுதான். டாக்டர் வண்டி ஓட்டாதே என்று சொன்னதையும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையெல்லாம் கேட்டாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை, கட்டிப்பிடித்தாலும் பிடிக்கலாம், அறைந்தாலும் அறையலாம். கையை நீட்டினாள். சாவியைக் கொடுங்க என்றாள். அவர் பாக்கெட்டில் துழாவி எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

திரும்பி நடந்தார்கள். அவள் தோளில் அவர் கை, இடுப்பில் சிட்டு, முன்னால் கருப்பன். கல், என்றாள். இறக்கம், என்றாள். முள்ளு, இந்தப் பக்கம். முப்பது வருசத்தில் அவருக்கு எங்கே கால் வைப்பது என்று அவள் சொன்னதில்லை, அவர் சொல்லவிட்டதும் இல்லை. இப்போது சொல்லச் சொல்லக் கோபம் கரையும் என்று நினைத்தாள், அது அப்படியே இருந்தது, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் இருந்தது. பாதி வழியில் கருப்பன் படுத்துவிட்டான். சிட்டுவை அவர் கையில் கொடுத்துவிட்டு, கனத்த நாயை அவள் இரண்டு கையாலும் வாரித் தூக்கினாள், தோள்மூட்டு பிடுங்கியது, அவர் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பலகைக்குப் பக்கத்தில் பூங்காவின் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தாள். நாய்களையும் சாக்ஸ்களையும் அவர்களையும் பார்த்தாள். வசந்தாமணி நின்று, என் கணவருக்குக் கண் தெரியாது, தேடிக்கொண்டு போனேன், நாய்களை விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கண் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சட்டையைப் பிடித்திருந்த கை இறுகி, பிறகு தளர்ந்தது. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் தன் வண்டியிலிருந்து ஈரத் துண்டும் ஐஸ் கட்டியும் கொண்டுவந்து கருப்பனின் அடிவயிற்றில் ஒற்றினாள். பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்றும், அந்த ரோடு எப்படி இருக்கும் என்றும் சொன்னாள். வளைவுகள் அதிகம், மெதுவாகப் போங்கள் என்றாள்.

டிரைவர் சீட் அவருடைய கால் நீளத்துக்குத் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுத்தாள். ஸ்டியரிங் லாரி மாதிரி பெரிசாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது, காற்றுத் துவாரங்களில் முதலில் சூடு வந்தது, பிறகு குளிர்ச்சி. கருப்பன் சீட்டுகளுக்கு நடுவில் ஈரத் துண்டின் மேல் கிடந்தான், மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. சென்னியப்பன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டின் கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லீருந்தா இந்தப் பயணமே வேண்டாம்னு நிறுத்தீருப்பே. தெரியறப்பவே எல்லாத்தையும் ஒருக்காப் பாத்துப் போடோணும்னு இருந்துச்சு."

ஆஸ்டினில் இருபது வருசமாக விடிவதற்கு முன்னால் எழுந்து, மழையிலும் இருட்டிலும் லாரிகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிக்கொண்டு போய் வருகிறவள் அவள். அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. கண் நன்றாக இருந்த காலத்திலும் பட்டதில்லை.

"எதுக்கு நிறுத்தறேன்," என்றாள் வசந்தாமணி. "நான் ஓட்டிக்கிட்டு வந்திருப்பேனுங்க."

அவர் தலையை முழுசாகத் திருப்பி அவளைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் திரும்பவில்லை, அவளுக்குப் பார்க்க வேண்டியது வேறு இருந்தது. பிரேக்கை விடுவித்து, வண்டியை ரோட்டின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். மறுபடியும் இடப்பக்கம் பார்த்துவிட்டு, ரோட்டில் ஏற்றினாள்.